ஊக்கும் உரத்த குரலும்

(மகளிர் கல்லூரி ஒன்றில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த அறக்கட்டளையை நிறுவிய அம்மையார் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். தம் பணிக்கொடையில் ஒரு பகுதியை வைப்புநிதியாகப் போட்டு, அதன் வட்டியில் ஆண்டுக்கு ஒரு பொழிவு நடக்க வேண்டும் என்று எழுதிவைத்தார். பேசுபவர் பெரிய பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று அவர் நிபந்தனை விதிக்கவில்லை. அதனால்தான் முப்பது ஆண்டுகள் மைதானத்தில் விசில் ஊதிய ஓர் உடற்கல்வி ஆசிரியைக்கு இந்த மேடை வாய்த்திருக்கிறது. எனக்குத் தந்த தலைப்பு 'பெண்களும் தற்காப்பும்'. அதில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: தற்காப்பு கற்றுக்கொள்ள வா என்று ஒரு பெண்ணைக் கூப்பிடும்போது என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம்?

1. தாவணிக்குள் ஓர் ஊக்கு

ஒன்பதாம் வகுப்புக்கு நான் டவுன் பஸ்ஸில் போகத் தொடங்கிய முதல் நாள், அம்மா என் தாவணியின் உள்மடிப்பில் ஓர் ஊக்கைக் குத்திவிட்டார். தோளில் ஏற்கெனவே ஊக்கு இருந்தது. "இது எதுக்கும்மா?" என்றேன். "இருக்கட்டும்" என்றார். பேச்சு அதோடு முடிந்தது.

எதற்கென்று மூன்றாம் நாள் நெரிசலில் தெரிந்தது. குத்தினேன். பின்னால் 'ஸ்' என்று ஒரு சத்தம் கேட்டது, ஆள் நகர்ந்துவிட்டார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முகம் இன்றுவரை எனக்குத் தெரியாது. வீட்டில் சொல்லவில்லை; அம்மாவும் கேட்கவில்லை. ஆனால் வாரக் கடைசியில் தாவணியைத் துவைக்க எடுத்தபோது, ஊக்கு வளைந்திருப்பதைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் புதிதாக ஒன்றை மாட்டிவைத்தார்.

என் வயதுப் பெண்கள் பலரிடம் இந்தக் கதை இருக்கும். ஊக்கு அதன் வேலையைச் செய்தது, மறுக்கவில்லை. ஆனால் அதோடு சேர்த்து இன்னொரு பாடமும் ஏறியது: இப்படித்தான் நடக்கும், குத்திவிட்டு வாயை மூடிக்கொள். ஆயுதம் கைக்கு வந்தது. குரல் வரவில்லை.

குரல் வராததற்குப் பழைய காரணம் ஒன்று உண்டு. அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று நாற்குணத்தை நீங்கள் மனப்பாடமாகச் சொல்வீர்கள். தொல்காப்பியக் களவியலிலேயே அச்சமும் நாணமும் மடமும் பெண்ணுக்கு உரியவையாக வந்துவிட்டன. அங்கே பேச்சு காதல் ஒழுக்கம் பற்றியது என்று தமிழ்த்துறையினர் விளக்குவீர்கள், சரிதான். ஆனால் நம் வீடுகளில் அது இலக்கணமாக நிற்கவில்லை, நடத்தை விதியாகிவிட்டது. பட்டியலில் முதலில் நிற்பது எது என்று பாருங்கள். ஆணுக்கு இழுக்கான அச்சம் பெண்ணுக்கு அணிகலன். இப்படி அச்சத்தைப் பால்குடி காலத்திலிருந்தே ஊட்டிவிட்டு, பதினைந்து வயதில் "தற்காப்பு கற்றுக்கொள், இல்லாவிட்டால் ஆபத்து" என்று மேலும் ஒரு கரண்டி அச்சத்தைச் சேர்த்துப் புகட்டுகிறோம்.

2. நான் செய்த தவறு

ஊரைக் குறை சொல்லும் முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2012 டிசம்பரில் தில்லியில் ஓடும் பேருந்தில் நடந்த கொடுமைக்குப் பிறகு, நாடெங்கும் தற்காப்புப் பயிற்சி முகாம்கள் முளைத்தன. நான் வேலை பார்த்த பள்ளியிலும் தொடங்கினோம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு செய்தித்தாளை விரித்து, வரிவரியாகப் படித்தேன். "நாளைக்கு உங்கள்ல யாருக்கு வேணும்னாலும் இது நடக்கலாம்" என்று முடித்தேன். மைதானமே உறைந்து நின்றது. அந்த வாரமே எண்பது பேர் பெயர் கொடுத்தார்கள். என் பேச்சுத்திறமையை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம், எங்கள் வாலிபால் அணியில் பந்தை எடுத்துக் கொடுப்பதில் கெட்டிக்காரப் பெண் ஒருத்தி பயிற்சிக்கு வரவில்லை. கராத்தே வகுப்புக்கும் வரவில்லை, இரண்டுமே மாலையில். அவள் அம்மா பள்ளிக்கு வந்தார். சண்டைக்கு வரவில்லை, நன்றி சொல்ல வந்தார். "நீங்க சொன்னதுதான் டீச்சர் சரி. காலம் கெட்டுக் கிடக்கு. இருட்டுறதுக்கு முன்னாடி பிள்ளை வீட்டுக்கு வந்துரட்டும்." நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். என்ன சொல்வது? அவர் பேசியது என் பேச்சைத்தான்.

என் தவறுக்கு உளவியலில் விளக்கம் இருப்பது பின்னால் தெரிந்தது. அச்சமூட்டும் பிரச்சாரம் எப்போது பலிக்கும், எப்போது பலிக்காது என்பதை அமெரிக்க ஆய்வாளர் கிம் விட்டே 1992இல் ஒரு கோட்பாடாக வகுத்தார். சுருக்கம் இது: ஆபத்து பெரிது என்று ஒருவரை நம்பவைத்துவிட்டு, அதைச் சமாளிக்க உன்னால் முடியும் என்பதை நம்பவைக்காவிட்டால், அவர் ஆபத்தை விட்டுவிட்டு அச்சத்தைச் சமாளிக்கத் தொடங்குவார். கண்ணை மூடிக்கொள்வார், பேச்சை மாற்றுவார், கதவைச் சாத்துவார். அந்த அம்மா கதவைச் சாத்தினார்.

சாத்திய கதவுக்கு விலை உண்டு. தில்லிப் பல்கலைக்கழக மாணவியர் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் விதத்தைப் பொருளியலாளர் கிரிஜா போர்க்கர் ஆராய்ந்தார். போய்வரும் வழி பாதுகாப்பாக இருக்கும் என்பதற்காக, மதிப்பெண்ணுக்குக் கிடைக்கக்கூடிய நல்ல கல்லூரியை விட்டுவிட்டுத் தரம் குறைந்த கல்லூரியில் சேரப் பெண்கள் தயாராக இருந்தார்கள். பாதுகாப்பான வழிக்காக ஆண்களைவிட ஆண்டுக்கு 18,800 ரூபாய் கூடுதலாகச் செலவிடவும் தயாராக இருந்தார்கள். ஒரு குற்றமும் நடக்காத நாளிலும் இந்த வரி வசூலாகிக்கொண்டே இருக்கிறது. மும்பைப் பெண்களைப் பற்றி ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் எழுதி 2011இல் வெளிவந்த 'ஒய் லாய்ட்டர்?' என்ற நூல் இதையே வேறு கோணத்தில் கேட்கிறது. காரணம் சொல்லாமல் தெருவில் சும்மா நிற்க ஆணுக்கு உள்ள உரிமை பெண்ணுக்கு ஏன் இல்லை? பாதுகாப்பு என்ற பெயரில் அவளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கட்டுப்பாடுதானே?

3. யாரைக் காட்டி அஞ்சச் சொல்கிறோம்?

தற்காப்பு முகாம் சுவரொட்டி எல்லா ஊரிலும் ஒன்றுபோலவே இருக்கும். சுவரில் ஒரு கரிய கையின் நிழல். மூலையில் முழங்காலில் முகம் புதைத்த பெண். முகாமுக்குள் போனால் கருப்பு முகமூடி போட்ட மாஸ்டர் பின்னாலிருந்து பாய்ந்து கழுத்தைப் பிடிப்பார், மாணவி அவரைத் தூக்கிப் போடுவாள், கைதட்டல்.

அந்த முகமூடிக்காரர் கணக்கில் எத்தனை பேர்? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மைய ஆண்டறிக்கைகளைப் புரட்டிப் பாருங்கள். பதிவான பாலியல் வன்புணர்வு வழக்குகளில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர்: குடும்பத்தார், அண்டை வீட்டார், வேலை கொடுத்தவர், நண்பர், மணந்துகொள்வதாகச் சொன்னவர். 2022இல் பெண்களுக்கு எதிரான குற்றங்களாகப் பதிவானவை 4,45,256. அவற்றில் பெரிய பங்கு, 31.4 விழுக்காடு, கணவரும் அவருடைய உறவினரும் இழைத்த கொடுமை. இவை புகாராக வந்தவை மட்டும். 2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வில், மணமான பெண்களில் 29.3 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் அது 38.1.

அதாவது தெருவைக் காட்டிப் பயமுறுத்தி, ஆபத்து அதிகம் இருக்கக்கூடிய வீட்டுக்குள் அனுப்பி வைக்கிறோம். கழுத்தைப் பின்னாலிருந்து பிடிப்பவனைத் தூக்கிப் போடக் கற்ற பெண்ணுக்கு, சோபாவில் பக்கத்தில் வந்து உட்காரும் உறவினரை என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

4. 'ங்க'வை வைத்துக்கொண்டே மறுப்பது

பாடத்தை மாற்றினேன். முதல் வகுப்பில் அடி உதை எதுவும் இல்லை. எதிரெதிரே இரண்டு வரிசை, நடுவில் பத்தடி. எதிரில் நிற்பவளைப் பார்த்து "கையை எடு" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நாற்பது பேரில் ஒருத்திக்கும் வரவில்லை. சிரிப்பு வந்தது. துப்பட்டா நுனி வாய்க்குப் போனது. பந்து மேலே எழும்பினால் "மைன்!" என்று அடுத்த தெருவுக்குக் கேட்கக் கத்துகிற பெண்ணுக்கே தொண்டை கட்டிக்கொண்டது. தனக்குரிய பந்து என்று சொல்ல வந்த குரல், தன் உடம்பு என்று சொல்ல வரவில்லை.

இரண்டாம் வகுப்பில் குரல் எழுந்தது. தலைமையாசிரியை பதறிப்போய் உதவியாளரை அனுப்பிக் கேட்கும் அளவுக்கு எழுந்தது. மூன்றாம் வகுப்பில் ஒருத்தி கேட்டாள்: "ரோட்டுல போறவன்னா 'எட்றா கைய'ன்னு சொல்லிரலாம் டீச்சர். மாமா, சித்தப்பான்னு கூப்பிடுறவங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

அவ்வளவு நேரம் இருந்த சலசலப்பு சட்டென்று அடங்கிவிட்டது. அந்த அமைதியை நான் மறக்கவில்லை.

நம் மொழியில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. 'எடு'வுக்கும் 'எடுங்க'வுக்கும் நடுவே ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கிறது. பெரியவரிடம் 'ங்க' விட்டுப்போனால், அவர் செய்தது மறைந்து இவள் வாய்த்துடுக்குதான் பஞ்சாயத்துக்கு வரும். அது தெரிந்துதான் பெண் வாயே திறப்பதில்லை. அதனால் 'ங்க'வை வைத்துக்கொண்டே பழகினோம். "மாமா, கையை எடுங்க. எனக்குப் பிடிக்கல." மூன்று விதிகள்தான். கண்ணைப் பார்த்துச் சொல். கடைசிச் சொல்லில் குரலை இறக்காதே. சொன்ன பிறகு சிரிக்காதே. மூன்றாவதுதான் எல்லோருக்கும் கடினமாக இருந்தது. சொன்ன வாய் தானாகவே சமாதானச் சிரிப்புக்குப் போய்விடும். மறுபடி சொல்ல நேர்ந்தால் அடுத்த அறைக்குக் கேட்கச் சொல். எழுந்து போ. நம்பும் ஒருவரிடம் சொல், அவர் நம்பாவிட்டால் இன்னொருவரிடம் சொல், குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்.

இதற்குப் பிறகுதான் கை கால் வேலை. பிடித்த கையில் பலவீனமான இடம் கட்டைவிரல், அந்தப் பக்கமாகத் திருகினால் மணிக்கட்டு விடுபடும். முட்டியைவிட உள்ளங்கையின் அடிப்பகுதி மேல், உன் விரல் உடையாது. இவற்றைக் கற்கும்போது அவர்கள் முகத்தில் பயம் இல்லை. கணக்குப் போடுகிற முகமாக இருந்தது.

5. பலித்த பயிற்சிகள்

இது ஒரு விசில்காரியின் அனுபவம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். கனடாவில் உளவியலாளர் சார்லின் சென் வடிவமைத்த பயிற்சியை மூன்று பல்கலைக்கழகங்களில் 893 முதலாண்டு மாணவியரிடம் சோதித்து, 2015இல் 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்' முடிவுகளை வெளியிட்டது. ஒரு பாதியினருக்கு மூன்று மணி நேர வகுப்புகள் நான்கு. மறுபாதியினருக்கு வழக்கமான துண்டறிக்கைகள். ஓராண்டுக்குள் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் துண்டறிக்கைக் குழுவில் 9.8 விழுக்காடு, பயிற்சிக் குழுவில் 5.2. அந்த வகுப்புகளில் என்ன இருந்தது தெரியுமா? தெரிந்த ஆண்களிடம் ஆபத்தின் அறிகுறியைக் கண்டுகொள்வது, அதை மனம் ஒப்புக்கொள்ள விடாமல் தடுக்கும் தயக்கத்தைக் கடப்பது, வாயாலும் உடலாலும் எதிர்ப்பது, தனக்கு எது விருப்பம் என்று தானே தெளிந்துகொள்வது. எங்கள் மைதானத்து 'ங்க' பிரச்சினைக்கு அங்கே ஆங்கிலத்தில் விடை தேடியிருக்கிறார்கள்.

கென்யாவின் நைரோபியில், குடிசைப்பகுதிப் பள்ளி மாணவியரிடையே நடந்த பயிற்சியை 2013இல் ஆய்வாக வெளியிட்டார்கள். ஆண்டுக்கு 24.6 விழுக்காடாக இருந்த பாலியல் தாக்குதல் 9.2க்கு இறங்கியிருந்தது. அங்கே பையன்களுக்கும் தனியாக வகுப்பு வைத்தார்கள். நாம் அதை மறந்தே போகிறோம். எதிர்த்தால் காயம் அதிகமாகும், அடங்கிப் போவதே நல்லது என்று நம் பாட்டிமார் சொன்ன அறிவுரைக்கும் ஆய்வுகளில் ஆதரவு கிடைக்கவில்லை. எதிர்ப்பு பெரும்பாலும் குற்றம் முற்றுப்பெறாமல் தடுக்கவே உதவியிருக்கிறது.

6. வீரப் பேச்சிலும் ஒரு பள்ளம்

இனி மறுபக்கம். அச்சத்தை விட்டுவிட்டு "நீ வேலு நாச்சியார், நீ புலி" என்று பேசத் தொடங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா? அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. பயிற்சி பெற்றவள் அடிபட்டு வந்தால், "கராத்தே படிச்சியே, ஏன் அடிக்கலே?" என்று கேட்கத் தோன்றும். அந்தக் கேள்விக்கு நீதிமன்றமே இடம் கொடுத்த வரலாறு நம்மிடம் உண்டு.

1972இல் மகாராட்டிரத்தில் ஒரு காவல் நிலையத்துக்குள் பழங்குடிச் சிறுமி ஒருத்தியைக் காவலர்கள் சீரழித்தார்கள் என்ற வழக்கு, மதுரா வழக்கு என்று அறியப்படுவது. உடலில் காயம் இல்லை, கூச்சலிடவில்லை என்பதையெல்லாம் காட்டி 1978இல் உச்ச நீதிமன்றம் இரு காவலரையும் விடுவித்தது. மறு ஆண்டு உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் என்ற சட்டப் பேராசிரியர்கள் நால்வர் தலைமை நீதிபதிக்குத் திறந்த மடல் எழுதினார்கள். பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 1983இல் சட்டம் திருந்தியது. உடலால் எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்துச் சம்மதம் என்று கொள்ளக்கூடாது என்பது 2013 திருத்தத்தில் தெளிவாக எழுதப்பட்டது. இன்று அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவில் இருக்கிறது. உடல் உறைந்துபோவதும் உடலின் இயல்புதான். அதனால் என் வகுப்பில் முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் ஒன்றே: "எதிர்க்க முடிஞ்சாலும் முடியாட்டாலும் தப்பு செஞ்சவன் அவன்."

அதே சட்டம் எதிர்ப்பவளையும் கைவிடவில்லை. 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையைச் சொல்கின்றன. வன்புணர்வு நோக்கத்தோடோ அமிலம் வீசவோ வருபவனிடமிருந்து காத்துக்கொள்ளும்போது, அவன் உயிரே போனாலும் அந்த உரிமை செல்லும் என்கிறது 38ஆம் பிரிவு. தேவைக்கு மிஞ்சிய பலம் கூடாதுதான். ஆனால் உயிர்ப்பயத்தில் இருப்பவர் ஒவ்வொரு அடியையும் பொன் தராசில் நிறுத்துப் போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. செயலியையும் மிளகுத்தூள் தெளிப்பானையும் பற்றிச் சொல்லித் தருகிற அளவுக்கு இதை நாம் சொல்லித் தருவதில்லை.

7. புதுக்கோட்டைப் பாடம்

எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டில் நடந்த ஆகச்சிறந்த தற்காப்புப் பயிற்சியில் ஒரு குத்துகூடக் கிடையாது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் பாடத்தில் சேர்த்தார். கல்குவாரித் தொழிலாளிகள், கூலிப்பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், கிராமச் செவிலியர் என்று லட்சம் பேர் அளவுக்குக் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிள் தட்டுப்பாடானது. ஆண்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டார்கள். முன்கம்பியில் பிள்ளையை உட்காரவைக்கலாம், அதுவே வசதி என்றார்கள் சிலர். கேலி பேசியவர்கள் பேசிக்கொண்டிருக்க, இவர்கள் தாண்டிப் போய்விட்டார்கள்.

"சாலையில் ஆபத்து, அதனால் சைக்கிள் கற்றுக்கொள்" என்று யாரும் அவர்களை அழைக்கவில்லை. "போக வேண்டிய இடத்துக்கு நீயே போகலாம்" என்றுதான் அழைத்தார்கள். 1913இல் லண்டனில் வாக்குரிமைப் போராளிகளின் மெய்க்காவல் படைக்கு எடித் கேரட் ஜுஜுட்சு கற்பித்ததும் இப்படித்தான். தலைவியைப் போலீஸ் பிடித்துப்போகாமல் காக்க வேண்டும், கூட்டம் நடக்க வேண்டும், அதற்காகக் கற்றார்கள். போக ஓர் இடம் இருந்தது, கற்றார்கள்.

ஆகவே ஒரு பயிற்சியை அளக்க என்னிடம் இருப்பது ஒரே அளவுகோல். அது முடிந்த பிறகு அந்தப் பெண் போகும் இடங்கள் கூடினவா, குறைந்தனவா? எண்பது பேர் சேர்ந்த என் முதல் முகாம் அந்த அளவில் தோற்றது.

8. கடைசி நாள் கேள்வி

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ராணி லட்சுமிபாய் பெயரில் மாணவியருக்கு மூன்று மாதத் தற்காப்புப் பயிற்சி இருக்கிறது. உங்களில் பலர் நாளை ஆசிரியைகளாகி அதை நடத்துவீர்கள். உங்களிடம் கேட்பது சில காரியங்கள்தாம். செய்தித்தாளை வாசித்துத் தொடங்காதீர்கள். முகமூடியைக் கழற்றுங்கள், எதிரே நிற்பவருக்கு ஓர் உறவுமுறை கொடுத்துப் பழக்குங்கள். பெற்றோரையும் ஒரு நாள் உட்காரவையுங்கள்; அந்த வாலிபால் பெண்ணின் அம்மாவிடம் நான் அன்றே பேசியிருக்க வேண்டும். பையன்களுக்கும் வகுப்பு வையுங்கள்.

நான் ஓய்வு பெறும் வரை கடைசி வகுப்பில் ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பேன். பெயர் எழுத விருப்பமிருந்தால் எழுதலாம். கேள்வி ஒன்றுதான்: "மூன்று மாதத்துக்கு முன் போகாத எந்த இடத்துக்கு இப்போது போனாய்?" ஒருத்தி மாவட்ட நூலகத்துக்கு என்று எழுதினாள். ஒருத்தி பாட்டி ஊருக்குத் தனியாகப் பஸ்ஸில். இன்னொருத்தி மருந்துக் கடைக்குப் போய் நாப்கின் வாங்கியதாகவும், பேப்பரில் சுற்ற வேண்டாம் என்று சொன்னதாகவும் எழுதியிருந்தாள். வகுப்பில் வாசித்தபோது கைதட்டல் அடங்க வெகுநேரமானது.

ஒரு சீட்டை மட்டும் வாசிக்காமல் மடித்து வைத்துக்கொண்டேன். பெயர் எழுதியிருந்தது. அவளோடு தனியே உட்கார்ந்து பேசினேன். சட்டப்படி நடக்க வேண்டியது நடந்தது. அதை இங்கே விரிக்கமாட்டேன். சீட்டில் அவள் எழுதியதை மட்டும் சொல்லி அமர்கிறேன்.

"நான் புதுசா எங்கேயும் போகல டீச்சர். எங்க வீட்டு ஹால்ல உட்கார்ந்து டிவி பாக்குறேன். அவரு வந்தா இப்பல்லாம் தள்ளித்தான் உட்கார்றாரு."